எழுத்து எழுத்தாகவே வரட்டும்: குழுச் செய்திகளில் எளிய உரையும் ஒப்பனையும்

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது வெளியாகும் வெள்ள எச்சரிக்கையில் சில ஊர்ப்பெயர்கள் வழக்கமாக வரிசையாக வரும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. அவற்றைத் தொடர்ந்து, அடையாற்றின் இரு கரையிலும் தாழ்வான இடங்களில் குடியிருப்போர் பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும் என்ற அறிவுரை. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அன்றைய நீர்மட்டம் என்ன, நீர்வரத்து எவ்வளவு, எத்தனை மணிக்கு விநாடிக்கு எத்தனை கனஅடி வெளியேறும் என்பவையும் அந்த அறிவிப்பில் இருக்கும். ஐந்தாறு வரிக்குள் அடங்கிவிடும் செய்தி. கரையோரக் குடும்பத்துக்கு அந்த நாளில் அதைவிட முக்கியமான செய்தி வேறு கிடையாது.

இந்த ஐந்தாறு வரி குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் எழுத்தாக வருவதில்லை. முகப்புத்தாளில் அச்சடித்துக் கையொப்பமிட்ட கடிதத்தின் புகைப்படமாக வருகிறது. தொலைக்காட்சித் திரையின் ஸ்கிரீன்ஷாட்டாக வருகிறது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போட்ட போஸ்டராக வருகிறது. எழுத்தாகவே வந்தாலும், சங்கு ஒலிக்கும் படக்குறிகள் பத்தும் நட்சத்திரக் குறிகள் இருபதும் சூழ்ந்திருக்க, ஊர்ப்பெயரை அதற்குள் தேட வேண்டியிருக்கிறது.

இது ரசனை பற்றிய கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவருக்கு அலங்காரம் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதானே என்கிறார்கள். தமிழின் கணினி வரலாற்றை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. எழுத்தை அதன் தோற்றத்திலிருந்து பிரித்தெடுக்கத் தமிழர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார்கள். அந்த உழைப்பால் கிடைத்ததைப் படங்களாக மாற்றி நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலத்தில் நடந்த வழக்கு

மின்னஞ்சலின் அடிப்படை வடிவத்தை 1982-இல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்ற ஆவணம் வரையறுத்தது. அதன்படி ஒரு கடிதம் என்பது ஆஸ்கி எழுத்துகளின் வரிசை. ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் என மொத்தம் 128 இடங்கள். தடித்த எழுத்து, நிறம், அளவு எதற்கும் அதில் இடமில்லை. 1992-இல் நதானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதிய மைம் தரம் இந்தக் கதவைத் திறந்தது. ஒரே கடிதத்துக்குள் பிறமொழி எழுத்து, படம், ஒலி, வடிவமைத்த உரை எல்லாவற்றையும் வைக்க வழி பிறந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் நெட்ஸ்கேப்பும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் ஹெச்.டி.எம்.எல். வடிவில் கடிதம் எழுதுவதைச் சாதாரணமாக்கின.

விவாதக் குழுக்களில் உடனே சண்டை மூண்டது. மோடம் வழியாக இணையத்தில் நுழைந்தவருக்கு ஒப்பனைக் கடிதம் பதிவிறங்க நேரமெடுத்தது. எழுத்துத்திரை மட்டும் உள்ள கணினியில் படித்தவருக்கு உள்ளடக்கத்தைவிடக் கட்டளைக் குறிகளே கண்ணில் பட்டன. பல கடிதங்களைச் சேர்த்து நாளுக்கு ஒன்றாக அனுப்பும் தொகுப்பு வசதி ஒப்பனைக் கடிதங்களைக் குலைத்தது. 1995 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற நல்லொழுக்கக் கையேடு, வரிகளைச் சுருக்கமாக வைக்கவும், ஒரு சொல்லை அழுத்த அதன் இருபுறமும் நட்சத்திரக் குறி இடவும், அடிக்கோட்டுக்குப் பதில் கீழ்க்கோட்டுக் குறி இடவும் சொன்னது. 2016-இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த நட்சத்திரக் குறித் தடிப்பு அந்தப் பழைய மின்னஞ்சல் மரபின் நேர் வாரிசு.

இந்த வழக்கில் எந்தக் கட்சி வென்றாலும் ஆங்கிலத்துக்கு ஆபத்தில்லை. ஒப்பனை முழுவதையும் உரித்து எறிந்தாலும் ஆங்கிலக் கடிதம் ஆங்கிலமாகவே இருக்கும். நிறமும் அளவும் போகும், சொல் நிற்கும்.

தமிழில் எழுத்துருவே எழுத்தாக இருந்த காலம்

தமிழின் நிலைமை வேறு. 128 இடங்களுக்குள் தமிழ் இல்லை. எனவே தொடக்ககாலக் குழுக்களில் தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார்கள். சோக்.கல்ச்சர்.தமிழ் போன்ற செய்திக்குழுக்களில் சங்கப் பாடல் விவாதம்கூட ரோமன் எழுத்தில்தான் நடந்தது. ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்த ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்தவை தமிழ் எழுத்துருக்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் வழியாகத் தமிழ் மின்னஞ்சலை எளிதாக்கினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை 1995-இல் தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் தமிழிலேயே கடிதம் எழுதத் தொடங்கினார்கள். கண்டம் கடந்து தமிழில் நடந்த முதல் பெரும் உரையாடல்களில் ஒன்று அது.

ஆனால் இந்த எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தின் மேல் நின்றன. கணினியின் கோப்பில் இருந்தது ஆங்கிலக் குறி; அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது எழுத்துரு. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் கிடப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். பாமினி உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது பொருளற்ற ஐந்து குறிகள். வானவில் எழுத்துருவில் தட்டினால் வேறு குறிகள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றால் படிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எளிய உரையா ஒப்பனையா என்ற கேள்வி தமிழில் வேறு பொருள் பெற்றது. எளிய உரையாக அனுப்பினால் எழுத்துருவின் பெயர் கடிதத்தோடு போகாது. பெறுபவர் தானாகவே சரியான எழுத்துருவைத் தேர்ந்து வைத்திருக்க வேண்டும். ஹெச்.டி.எம்.எல். கடிதத்தில் எழுத்துருவின் பெயரை எழுதி அனுப்பலாம். ஆனால் குழுவின் விதி அதை உரித்துவிட்டால் தமிழும் சேர்ந்து உரிந்துபோகும். ஆங்கிலத்துக்கு மேலாடையாக இருந்த ஒப்பனை தமிழுக்குத் தோலாக இருந்தது.

இந்தச் சிக்கலை உணர்ந்தவர்கள் குழுக்களிலேயே பேசி, தமிழுக்கென்று ஒரு பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். டிஸ்கி என்று அதற்குப் பெயர். கீழ்ப்பாதி 128 இடங்களில் ஆங்கிலத்தை அப்படியே விட்டு, மேல்பாதி 128 இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கியது. ஆங்கிலமும் தமிழும் ஒரே எளிய உரையில் கலந்து வர முடிந்தது. இதே காலத்தில் தமிழ்நாடு அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடத்திய தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2000-இல் தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு பிறந்தது.

டிஸ்கிக்கும் இன்னல்கள் இருந்தன. பழைய அஞ்சல் வழங்கிகள் சில எட்டாவது பிட்டைக் கழித்துவிடும். அப்போது மேல்பாதியில் இருந்த தமிழ் முழுவதும் கீழ்ப்பாதிக் குறிகளாகச் சிதையும். கடிதத்தின் தலைப்பகுதியில் குறியீட்டின் பெயரைச் சொல்ல மைம் இடம் தந்திருந்தும், டிஸ்கிக்குப் பதிவுபெற்ற பெயர் அப்போது இல்லாததால், மேற்கு ஐரோப்பியக் குறியீடு என்ற பொய்ப் பெயரில் அது பயணம் செய்தது. தமிழ்க் கடிதம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘இதைப் படிக்க இந்த எழுத்துரு வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.

பிரித்து வைத்தது ஒருங்குறி

1991-இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் சாதாரணக் கணினியில் அது இயங்க விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது; அதனோடு லதா எழுத்துருவும் வந்தது. ஒருங்குறி செய்த அடிப்படைக் காரியம், எழுத்தின் அடையாளத்தை அதன் வடிவத்திலிருந்து பிரித்தது. ககரம் என்றால் உலகெங்கும் ஒரே எண். அதை லதா வரையலாம், வேறு எழுத்துரு வரையலாம், குரல் நிரல் ஒலிக்கலாம், தேடுபொறி பட்டியலிடலாம். ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் கோப்பில் முதலில் ககரமும் பின்னர் கொம்பும் நிற்கும். டிஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு முன்னால் நின்றது. சொல்லை வரிசைப்படுத்தவும் தேடவும் ஒருங்குறியின் ஒழுங்குதான் உதவுகிறது.

ஒருங்குறித் தமிழில் குறைகள் உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையால் டேஸ்16 என்ற குறியீடு உருவானது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் அரசுத் தரமாக ஏற்றது. ஆயினும் கைப்பேசியும் இணையமும் பேசுவது ஒருங்குறியைத்தான். இன்று குன்றத்தூரில் ஒருவர் தட்டும் தமிழ், எந்த எழுத்துருவையும் கேட்காமல் டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழாகவே திறக்கிறது. தமிழ்.நெட் காலத்தவர் கனவு கண்டது இதைத்தான்.

எழுத்து எழுத்தாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குன்றத்தூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊர் அது. அவர் பாடிய பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஏடு ஏடாகப் படியெடுக்கப்பட்டு வந்தது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. யாப்பு அறிந்தவர் அதைப் பிரித்துப் படித்தார். ஓலை செல்லரித்துப் போகும்; அதற்குள் இன்னொருவர் எழுத்துகளைப் புது ஓலையில் எழுதிக்கொண்டார். பின்னர் அச்சு வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பில் மின்னுரையாக்கியது. பெரியபுராணமும் அதில் சேர்ந்தது. மதுரைத் திட்டம் முதலில் டிஸ்கியில் வெளியிட்டவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற முடிந்ததற்குக் காரணம், அவை எழுத்தாக இருந்ததுதான். பக்கங்களின் படமாக மட்டும் வைத்திருந்தால், குறியீடு மாறியபோது நூல்களை மறுபடியும் தட்டெழுத வேண்டியிருந்திருக்கும்.

படமாகத் திரும்பியது ஏன்?

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் படமாக அனுப்புவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் புறந்தள்ளிவிட்டு யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது.

முதல் காரணம் பழக்கம். தொடக்ககால ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அல்லது கொம்பும் காலும் இடம்மாறி நின்றது. தமிழை ஒழுங்காகக் காட்ட ஒரே வழி படம்தான் என்று அன்று கற்றுக்கொண்டவர்கள், கைப்பேசிகள் திருந்திய பின்னும் அதையே தொடர்கிறார்கள்.

இரண்டாவது, அலுவலக நடைமுறை. கடிதம் கணினியில் தட்டெழுதப்படுகிறது. பழைய எழுத்துரு என்றால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குறிகளாகத்தான் விழும். எனவே அச்சிட்டு, கையொப்பம் பெற்று, புகைப்படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஒருங்குறியிலேயே தட்டெழுதிய கடிதத்துக்கும் அதே சடங்கு நடக்கிறது.

மூன்றாவது காரணம்தான் மிக வலுவானது: நம்பிக்கை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. அந்த மழையில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த நாள்களில் ஏரி உடைந்துவிட்டது என்ற வதந்தியும், நாசாவின் பெயரில் பொய்யான மழை எச்சரிக்கையும் எழுத்துச் செய்திகளாகவே பரவின. யார் எழுதினார் என்று தெரியாத வரிகளை நம்பி அலைந்த மக்கள், முத்திரையும் கையொப்பமும் உள்ள தாளைக் கேட்கத் தொடங்கியதில் வியப்பில்லை. முகப்புத்தாளின் படம் அவர்களுக்கு ஒரு சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் நிற்கும்? படத்தைத் திருத்துவதற்கு இன்று யாருக்கும் தனித்திறன் தேவையில்லை. சென்ற ஆண்டின் கடிதத்தில் தேதியிருக்கும் மூலையை வெட்டிவிட்டால் அது இந்த ஆண்டின் கடிதம். உண்மையைச் சரிபார்க்க ஒரே வழி, மூல அறிவிப்பை வெளியிட்ட இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. அதற்கு எழுத்துச் செய்தியில் உள்ள இணைப்பு உதவும். ஒருமுறை தொட்டால் போதும். படத்தில் அச்சான முகவரியைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும்.

அடையாற்றங்கரையில் இழப்பது என்ன?

எச்சரிக்கை படமாக வந்தால் எதை இழக்கிறோம் என்பதை அந்த ஊர்ப்பெயர்களை வைத்தே பார்க்கலாம்.

முதலில் தேடல். மழைக்காலத்தில் ஒரு குழுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் செய்திகள் குவியும். பால் கிடைக்குமா, கரண்ட் எப்போது வரும், எந்தச் சாலை மூழ்கியிருக்கிறது என்ற கேள்விகளுக்கு நடுவே எச்சரிக்கை மேலே போய்விடும். வழுதியம்பேட்டில் இருப்பவர் தன் ஊர்ப்பெயரைத் தட்டித் தேடினால், எழுத்தாக வந்த எச்சரிக்கை உடனே கிடைக்கும். படமாக வந்தது கிடைக்காது. அவர் ஊர் அதில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

அடுத்தது எடை. ஒருங்குறியை அனுப்பப் பயன்படும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ‘குன்றத்தூர்’ என்ற சொல்லில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்துப் பதினொரு குறிகள். ஆக 33 பைட்டு. மேலே சொன்ன ஆறு ஊர்ப்பெயர்களும் சேர்ந்து 68 குறிகள், 204 பைட்டு. முழு எச்சரிக்கையும் இரண்டு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு கடிதத்தின் புகைப்படம் சாதாரணமாகவே நூறு கிலோபைட்டைத் தாண்டும். வெயிலடிக்கும் நாளில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. கோபுரங்களுக்கு மின்சாரம் நின்று, சிக்னல் ஒரு கோடாக மினுங்கும் இரவில், இரண்டு கிலோபைட்டு நுழையும் இடுக்கில் நூறு கிலோபைட்டு நுழையாது. படம் மங்கலாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடலாம்.

குறுஞ்செய்தியில் நெருக்கடி இன்னும் கூடுதல். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும் இடத்தில், தமிழுக்கு 70 குறிகள்தான். ஆறு ஊர்ப்பெயர்களையும் காற்புள்ளி வைத்துப் பிரித்தாலே 73 ஆகிவிடும். ஊர்களின் பெயரைச் சொல்வதற்கே ஒரு குறுஞ்செய்தி போதாது. இப்படி ஒவ்வொரு குறியும் விலைமதிப்புள்ள இடத்தில் ‘மிக மிக அவசரம்’ என்பதும் வணக்கமும் நன்றியும் சொல்வதும் ஓர் ஊரின் பெயரை வெட்டுவதற்குச் சமம்.

மூன்றாவது, கண்ணால் படிக்க இயலாதவர்கள். குன்றத்தூருக்கு அடுத்த பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. தேசியப் பார்வை மாற்றுத்திறனாளர் நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இயங்குகிறது. இந்தப் பகுதியில் திரைவாசிப்பு நிரலை நம்பிக் கைப்பேசி பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். எழுத்தாக வரும் தமிழை அந்த நிரல் வாய்விட்டுப் படிக்கும். படம் வந்தால், பெரும்பாலும் படம் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். பத்துச் சங்குக் குறிகள் வரிசையாக வந்தால் அந்தக் குறியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஊர்ப்பெயர் வரும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். மின்னணு உள்ளடக்கம் அனைவரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. எழுத்தைப் படமாக்கி வெளியிடாதீர்கள் என்று 2008-இல் வந்த உலக வலைத்தள அணுகல் நெறிகளும் கேட்டுக்கொள்கின்றன. பார்வை மங்கிய முதியவருக்கும் இதே சிக்கல்தான். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்குள் மடங்கி அமையும். படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும்.

நான்காவது, தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரக் கட்டுமான இடங்களிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களும் அதே ஆற்றின் அருகில்தான் தூங்குகிறார்கள். எழுத்துச் செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டினால் இந்தியிலோ ஒடியாவிலோ வங்காளத்திலோ கிடைக்கும். படத்தில் இருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதிகள் இன்று வந்திருக்கின்றன. ஆனால் சாய்வாக, நிழல் விழ எடுத்த புகைப்படத்தில் அவை ரகரத்தையும் காலையும் குழப்பும்; புள்ளிகளை விட்டுவிடும்; எண்களைத் தவறாகப் படிக்கும். ஆயிரம் கனஅடியா பத்தாயிரமா என்பதில் பிழை வரக் கூடாது.

ஐந்தாவது, திருத்தம். 2020 நவம்பர் 25-ஆம் தேதி, நிவர் புயல் நெருங்கியபோது செம்பரம்பாக்கத்தில் முதலில் ஆயிரம் கனஅடி திறந்தார்கள். மழை கூடக் கூட அளவை உயர்த்தினார்கள். இப்படி மணிக்கு மணி மாறும் செய்தியில், முந்தைய படமும் பிந்தைய படமும் ஒரே முகப்புத்தாளோடு ஒரே மாதிரி இருக்கும். எது புதியது என்று நுணுகிப் பார்த்தால்தான் தெரியும். எழுத்துச் செய்தியின் முதல் வரியிலேயே நாளும் நேரமும் இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

தமிழுக்கு எவ்வளவு ஒப்பனை தேவை?

அப்படியானால் எந்த அலங்காரமும் வேண்டாமா? அளவறிந்து செய்தால் ஒப்பனை உதவும். ஆனால் அந்த அளவை ஆங்கிலத்திலிருந்து எடுக்க முடியாது.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இருக்கிறது. எளிய உரையிலேயே ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி உரக்கச் சொல்ல முடியும். தமிழில் அந்தப் பிரிவு இல்லை. அதனால் தடித்த எழுத்து தமிழுக்குக் கூடுதலாக வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் தமிழ் தன் அழுத்தத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பயன்களைச் சொல்கிறது. தேற்றமும் பிரிநிலையும் அவற்றில் இரண்டு. ‘இன்று வெளியேறுங்கள்’ என்பதற்கும் ‘இன்றே வெளியேறுங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உயிர்க்குறி சொல்லிவிடுகிறது. ‘தான்’, ‘மட்டும்’, ‘கூட’ ஆகியவையும் அப்படியே. முக்கியமான சொல்லை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தவும் தமிழ் இடம் தருகிறது. நகலெடுத்தாலும் உரக்கப் படித்தாலும் குறுஞ்செய்தியில் அனுப்பினாலும் இந்த அழுத்தம் அழியாது. நட்சத்திரக் குறியின் அழுத்தம், அந்தக் குறியைப் புரிந்துகொள்ளும் செயலிக்குள் மட்டும்தான்.

சாய்ந்த எழுத்தும் தமிழுக்கு ஒட்டாதது. அது ஐரோப்பியக் கையெழுத்து மரபில் பிறந்தது. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் சுழிகள் நெருங்கிப் படிப்பது கடினமாகிறது. சிறிய திரையில் தடித்த எழுத்துக்கும் இந்தக் குறை உண்டு. ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் வளைவுகளும் அடைத்துக்கொள்கின்றன. செய்தி முழுவதையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவும் தனித்துத் தெரியாது. நாள், நேரம், வெளியேறும் நீரின் அளவு ஆகிய மூன்றை மட்டும் தடித்துக் காட்டினால் கண் நேராக அங்கே போகும். வரிசை எண்ணிட்ட பட்டியலை வாட்ஸ்அப் 2024-இல் அறிமுகப்படுத்தியது. ஊர்ப்பெயர்களுக்கும் நிவாரண முகாம்களின் பட்டியலுக்கும் அது நல்ல கருவி. அந்தச் செய்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினாலும் எண்ணும் வரியும் எஞ்சும், பொருள் குலையாது. ஒப்பனை நல்லதா என்று அறியச் சோதனை ஒன்றே: அதை உரித்த பிறகும் செய்தி முழுதாக நிற்க வேண்டும்.

படத்துக்கென்றே உரிய இடமும் இருக்கிறது. எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் புகைப்படம்தான் காட்டும். முகாமுக்குப் போகும் வழியை வரைபடம்தான் விளக்கும். கண்ணால் பார்க்க வேண்டியதைப் படமாக அனுப்புவதில் யாருக்கும் மறுப்பில்லை.

இரண்டையும் அனுப்பலாம்

இந்த வழக்குக்கு 1992-லேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. மைம் தரத்தில் மல்டிபார்ட் ஆல்டர்நேட்டிவ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே கடிதம் இரண்டு வடிவில் ஒன்றாகப் போகும். முதலில் எளிய உரை. அடுத்து ஒப்பனை வடிவம். பெறும் கருவியால் எது முடியுமோ அதை அது காட்டிக்கொள்ளும். எளிய உரை முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு: மைமைப் பற்றி எதுவும் அறியாத பழைய கருவி திறந்தாலும் படிக்கத்தக்கது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று அதை வகுத்தவர்கள் எண்ணினார்கள். வசதி குறைந்தவரை முன்னால் நிறுத்திச் செய்த ஏற்பாடு அது.

குன்றத்தூர் குழுக்களுக்கும் இதுவே போதும். முகப்புத்தாளின் படம் இருக்கட்டும்; அது நம்பிக்கைக்கு. அதன் கீழே, விளக்கவரிக்கான இடத்தில், அறிவிப்பு முழுவதும் ஒருங்குறியில் எழுத்தாக வரட்டும். முதல் வரியில் நாளும் நேரமும். இரண்டாம் வரியில் யார் அறிவிக்கிறார்கள் என்பது. மூன்றாவதில் நீர்மட்டமும் வெளியேறும் அளவும், அலகோடு. நான்காவதில் ஊர்ப்பெயர்கள், ஒன்றுகூட ‘மற்றும் பல’ என்பதற்குள் மறையாமல். ஐந்தாவதில் மக்கள் என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்பது. இறுதியில் மூல அறிவிப்பின் இணைப்பும் கட்டுப்பாட்டு அறையின் எண்ணும். படக்குறி வேண்டுமானால் ஒன்று போதும்.

இதில் பெரும் பங்கு அறிவிப்பை முதலில் வெளியிடும் அலுவலகத்துடையது. கடிதம் கணினியில் எழுத்தாகத்தான் பிறக்கிறது. அதை அச்சிட்டுப் புகைப்படமெடுக்கும்போதுதான் எழுத்தை இழக்கிறோம்; பிறகு ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் அதை மறுபடியும் தட்டெழுத வேண்டியிருக்கிறது, தட்டெழுதும்போது எண் பிறழ்கிறது. நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் நீர்வளத் துறையும் படத்தோடு எழுத்தையும் சேர்த்து வெளியிட்டால் இந்தப் பிழைகள் தொடக்கத்திலேயே நிற்கும். இதற்குப் புதிய செயலி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஏற்கெனவே தட்டெழுதிய வரிகளை நகலெடுத்து ஒட்டினால் போதும்.

குழு அட்மின்களுக்கும் ஒரு கடமை உண்டு. படமாக மட்டும் வரும் அறிவிப்புக்குக் கீழே, அதன் சாரத்தை எழுத்தில் தர யாராவது ஒருவரைப் பொறுப்பாக்கலாம். கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்து கணினியில் எழுத்தாகவே நிற்க வேண்டும் என்று லோசானிலும் கோலாலம்பூரிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருந்த சிலர் ஊதியமில்லாமல் இரவு இரவாக உழைத்தார்கள். அவர்கள் வென்றுவிட்டார்கள், நம் கைப்பேசி ஒவ்வொன்றிலும் அந்த வெற்றி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதால் அடையாற்றங்கரையில் யாரோ ஒருவர் தம் ஊரின் பெயரைத் தேடிக் கிடைக்காமல் போவதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், எச்சரிக்கை அனைத்தும் எழுத்தாகவும் வரும் என்று குன்றத்தூர் நகராட்சி முடிவெடுத்து அறிவித்தால், அது தமிழ்நாட்டின் மற்ற ஆற்றங்கரை ஊர்களுக்கும் முன்மாதிரியாகும்.